முழங்கை வரை வழிந்த கஞ்சி

சியாட்டில்
பிப்ரவரி 6, 2011

அன்புள்ள வெர்னாவுக்கு,

அண்ணன் எல்ரே எழுதுகிறேன். இங்கே மழைக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. நீயும் டால்ட்டனும் எப்படி இருக்கிறீர்கள்? உன் வீட்டுக்காரரின் முதுகுவலி விட்டதா? ஜனவரியில் நீ கண் மருத்துவரைப் பார்க்க வேண்டுமே, பார்த்தாயா, என்ன சொன்னார்? இதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடைசியில் கேட்டால் கண்ணில் படாத மாதிரி தாண்டிப் போய்விடுவாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் விமான உதிரிபாகப் பட்டறையில் நம்மைப் போலப் பிறவியிலேயே காது கேட்காமல், பிறகு என்னைப் போலக் கண்ணும் போனவர்கள் பலர் இருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். நாங்கள் கூடிப் பேசினால் ஒவ்வொருவர் பக்கத்திலும் கண் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார் என்று கையில் சொல்லிக்கொண்டிருப்பார். பத்துப் பேர் பேச இருபது பேர் வேண்டும். கல்யாணத்துக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகச் சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

நேற்று வகுப்பில் மார்வா அதை ஒரே அடியில் முடித்துவிட்டாள். மார்வாதான் எங்களுக்குப் பாடம் நடத்துபவள். அவளுக்கும் கண் கிடையாது. வாய் ஜாஸ்தி என்று சொல்ல முடியாது, கை ஜாஸ்தி. "கண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் வெளிய போய்க் காப்பி குடிங்க. எங்களுக்குள்ள நாங்க பேசிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு எங்களை முட்டியோடு முட்டி இடிக்க உட்காரவைத்தாள். நான் பழக்கத்தில் கையைக் காற்றில் வீசிப் பேசினேன். "அங்க யாருக்குச் சொல்ற, கொசுவுக்கா?" என்று என் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தாள். நான் தலையாட்டினேன். "நீ தலையாட்டுனது எனக்கு எப்படித் தெரியும்? தொடையில தட்டு" என்றாள். புரிந்தால் தட்ட வேண்டும். சிரித்தால் விரல்களால் எதிராளியின் தொடையில் குறுகுறுக்க வேண்டும். பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ஹாலிஸ் சொன்ன நகைச்சுவைக்கு நான் பக்கத்தில் தவறி, பக்கத்து ஆளின் முட்டியில் சிரித்துவிட்டேன். அந்த மனிதர் எலி ஏறுகிறது என்று எழுந்து ஓடினார்.

கண் போன பிறகு நான் சிரித்தது எதிரே இருப்பவருக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை, வெர்னா.

ஆகஸ்ட்டில் ஏரிக்கரையில் ஒரு வாரம் முகாம். ஜூலைக்குள் பெயரை உறுதி செய்ய வேண்டும். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், திட்டாதே. நம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துத்தானே அந்த மருத்துவர் சொன்னார், பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் என்று. எனக்கு நாற்பதில் மூடிவிட்டது. உனக்கு மெதுவாக வருகிறது. மெதுவாக வருகிறது என்பதால் வராது என்று ஆகிவிடாது. கண் இருக்கும்போதே இதைக் கற்றுக்கொண்டால் எனக்கு வந்த அந்த இரண்டு வருட இருட்டு உனக்கு வராது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மற்றவர்களோடு நீ வீடியோவில் பேசிக்கொள்வாய். எனக்கு உன் கடிதம்தான். கணினியில் வந்து என் விரலுக்குக் கீழே பிரெய்ல் புள்ளிகளாக எழும்பும். சீக்கிரம் எழும்பட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
எல்ரே


லஃபயெட்
மார்ச் 13, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மார்டி கிரா திருவிழா முடிந்து ஊரே தூங்கி வழிகிறது. டால்ட்டனுக்கு முதுகு சரியாகி, மறுபடியும் அச்சகத்துக்குப் போய் மறுபடியும் பிடித்துக்கொண்டது. உன் கால் ஆணி எப்படி இருக்கிறது?

நீ மட்டும்தான் குதிப்பாயா? என் செய்தியைக் கேள். பொது நூலகத்தில் எனக்கு ஒரு அறையே கொடுத்துவிட்டார்கள். 'உலகத்தின் கைகள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். உலகத்தில் எத்தனை சைகை மொழிகள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் படிக்க, பார்க்க என்னென்ன கிடைக்கிறதோ எல்லாம் அங்கே இருக்கும். அகராதிகள், பாடங்கள், படங்கள். நம் பக்கத்தில் காது கேட்காத பிள்ளையைப் பெற்ற அப்பா அம்மாக்கள் வந்து பார்க்கலாம். போன வாரம் ஒரு பெண் வந்து, "உலகம் பூரா உங்களுக்கு ஒரே பாஷைதானே? அப்புறம் எதுக்கு இத்தனை அலமாரி?" என்று கேட்டாள். அவளை அப்படியே பிடித்து உட்காரவைத்துவிட்டேன்.

ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காது கேட்காத நம் ஆட்கள் ஒரே கதையைச் சொல்லிப் படம் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வீட்டில் அரிசிப் பானை பொங்கி வழிந்த கதை. பானை இல்லாத அடுப்படி எங்கேயாவது உண்டா? கென்யாவிலிருந்து வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து வந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்தக் கை என்ன செய்கிறது என்று நான்தான் விளக்கம் எழுதுகிறேன். சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று டால்ட்டன் புலம்புகிறார்.

ஜப்பான்காரர் கதையில் ஒரு அண்ணன் வருகிறான். அங்கே அண்ணன் என்று சொல்ல நடுவிரலை நீட்டி மேலே தூக்க வேண்டும். நான் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தேன். உன்னை வாழ்நாள் முழுவதும் அப்படிக் கூப்பிட ஆசைப்பட்டிருக்கிறேன், அதற்கென்று ஒரு நாடே இருக்கிறது.

முகாம் பற்றிப் பிறகு பார்ப்போம். ஆகஸ்ட்டில் வேலை தலைக்கு மேல் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
வெர்னா


சியாட்டில்
மார்ச் 16, 2011

அன்புள்ள வெர்னாவுக்கு,

கால் ஆணி நலம், அதைச் சுமந்துகொண்டு நானும் நலம். ஜப்பான்காரரின் அன்பான வணக்கத்தை அப்படியே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை தடவினேன். அறை இருக்கிறது, அலமாரி இருக்கிறது, கென்யா இருக்கிறது. கண் மருத்துவர் இல்லை. சரி, அது உன் வசதி.

உன் அறையை நினைத்தால் எனக்கும் கை பரபரக்கிறது. எங்கள் தொடுமொழியையும் அதில் சேர். வகுப்பில் நானும் பானைக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். எப்படி என்று கேள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஹாலிஸின் கையை மூடச் சொன்னேன். அந்த முஷ்டிதான் பானை. கீழே என் விரல்கள் தீயாக நெளிந்தன. பிறகு அவர் முஷ்டிக்குள்ளிருந்து என் விரல்கள் முட்டி மோதி எழும்பி, மணிக்கட்டில் வழிந்து, முழங்கை வரை ஓடின. ஹாலிஸ் கையை உதறி, "சுட்டிருச்சுய்யா" என்றார். கதையைப் பார்க்கிறவனுக்கே சுடுகிற மாதிரி உன் அலமாரியில் ஏதாவது இருக்கிறதா?

மார்வா சொல்கிறாள், இது நாம் காற்றில் பேசிய பழைய மொழியைக் கையில் பிடித்துப் பார்ப்பது இல்லை, வேறு ஒன்றாக மாறிக்கொண்டிருக்கிறது என்று. போன மாதம் இல்லாத சொல் இந்த மாதம் இருக்கிறது. ஒரு மொழி பிறக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த அதிர்ஷ்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

டால்ட்டனிடம் என் அன்பைச் சொல். முகாமில் உன் இடம் காலியாக இருக்கிறது.

அண்ணன்,
எல்ரே


லஃபயெட்
ஏப்ரல் 17, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? தாமதத்துக்குக் காரணம் கிராஃபிஷ் இறால். நம் ஆட்கள் எல்லோரும் எங்கள் கொல்லையில் கூடி ஒரு அண்டா அவித்துக் கொட்டினோம். கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகு எல்லோரும் வழக்கம்போல அடுப்படியில் நின்று இன்னும் ஒரு கல்யாணத்துக்கான கதை பேசினார்கள். நான்தான் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் திறந்த கதவில் இடித்துக் காலைச் சிராய்த்துக்கொண்டேன். யார் அதைத் திறந்துபோட்டது என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

உன் தொடுமொழி விஷயம். கோபித்துக்கொள்ளாதே. அது எப்படி அண்ணா தனி மொழி ஆகும்? நம் மொழிதான், நீங்கள் தொட்டுப் பேசுகிறீர்கள். அதுவும் போக, என் அறையில் எல்லாமே பார்த்துக் கற்றுக்கொள்வது. திரையில் தெரியாத ஒன்றை நான் எந்த அலமாரியில் வைப்பேன்? கண் தெரிகிறவர்களுக்காகத்தானே அந்த அறை.

மே 14 அன்று திறப்புவிழா. ஒரு சுவர் முழுக்கப் படம் காட்டப் போகிறோம். நேற்று ஒத்திகை பார்த்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், அங்கிருந்துதான் படம் நன்றாக இருக்கிறது. நிகராகுவாவிலிருந்து அசுசேனா என்ற பெண்ணின் படம் விழாவன்றுதான் வருமாம். அவர்கள் மொழி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்ததும் அவர்களுக்குள் தானாகவே உண்டானது. அதைத்தான் கடைசியாகக் காட்டப் போகிறேன். படத்தை எல்லோரோடும் சேர்ந்து முதல் தடவை பார்த்து, அங்கேயே விளக்கம் சொல்வேன். இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் டால்ட்டன்தான் என்னைக் காரில் கொண்டுபோய் விடுகிறார். அவருக்கும் பொழுதுபோக வேண்டாமா?

அன்புடன்,
வெர்னா


சியாட்டில்
ஏப்ரல் 18, 2011

வெர்னா,

நலம்.

கண் தெரிகிறவர்களுக்காகத்தான் அந்த அறை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அதன் வாசலில் என் பெயரை எழுதி, உள்ளே வராதே என்று ஒரு பலகை வைத்துவிடு. பலகையைப் புள்ளி எழுத்தில் வை, இல்லாவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடும்.

விழா நன்றாக நடக்கட்டும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எல்ரே


சியாட்டில்
ஜூன் 2, 2011

அன்புள்ள வெர்னாவுக்கு,

சுகமா? கோபத்தில் எழுதியதை நினைத்து நாலு நாள் சாப்பாடு ருசிக்கவில்லை, பிறகு ருசித்துவிட்டது. விழா எப்படி நடந்தது? நிகராகுவாப் பெண் என்ன சொன்னாள்? ஒரு வரியாவது எழுது. உன் மௌனம் என் விரலில் ஒன்றுமே எழும்பாமல் கிடக்கிறது.

அண்ணன்


லஃபயெட்
ஜூன் 19, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். வெயில்தான் கொளுத்துகிறது.

விழா நன்றாக நடந்தது. நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரருக்குக் கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டினார்கள். ஒரு பாட்டியும் பேத்தியும் கென்யாக்காரரைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு சின்னக் குழப்பம். அசுசேனாவின் படத்துக்கு என்னைத் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுகிறாள், பானை பொங்குகிறது, கஞ்சி வழிந்து அடுப்பு அணைகிறது, எல்லோரும் ஓடி வருகிறார்கள். நான் சிரித்துக்கொண்டே அப்படியே சொன்னேன். சபையில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த நம் ஆள் ஒருவர், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், எழுந்து நின்று, "பிள்ளைய விட்டுட்டியே" என்றார்.

அவள் வலதுகை கதை முழுக்க ஒரு பிள்ளையாம். அந்தப் பிள்ளை முக்காலி மேல் ஏறி, தீக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டே போகிறதாம். அது தொடப்போகிற நேரத்தில் கஞ்சி பொங்கித் தீயை அணைத்துவிடுகிறதாம். பானை பொங்கியதால்தான் பிள்ளை பிழைத்தது. அதுதான் கதை. நான் பாதிக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

படம் போடும் இயந்திரத்தின் கோளாறு. இடது ஓரம் விழவில்லை. டால்ட்டன் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து என் இடது பக்கத்தில் நின்றுகொண்டார்.

நூலகத்தில் எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்கள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வெர்னா


சியாட்டில்
ஜூன் 20, 2011

என் அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இல்லை. நலம் என்று எழுதினாலும் நான் இனி அதை நம்பப் போவதில்லை.

கண் போவதற்கு முன்னால் எனக்கும் கடைசி வரிசை ரொம்பப் பிடிக்கும், வெர்னா. அங்கிருந்து பார்த்தால் பேசுகிறவர் சின்னதாகத் தெரிவார், இரண்டு கையும் முகமும் மிச்சமிருக்கிற பார்வைக்குள் அடங்கும். பக்கத்தில் போனால் ஒரு கை காணாமல் போய்விடும். திறந்த கதவு எல்லாம் என் காலைத் தேடி வந்து இடிக்கும். பிறகு ஒரு நாள் டால்ட்டன் மாதிரி நல்ல மனிதர் யாராவது பொழுதுபோக்குக்காகக் காரை ஓட்டித் தருவார். இயந்திரத்தைக் குறை சொல்லாதே. அது வாயில்லாத ஜீவன்.

அந்தத் திரைக்குப் பக்கத்தில் நீ தனியாக நின்றதை நினைத்தால் அங்கேயே வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருக்கிறது. எங்கள் மொழி தெரிந்து, கண்ணும் தெரிகிற ஒருவர் உன் பின்னால் நின்றிருந்தால், அந்தப் பிள்ளை முக்காலியில் ஏறும்போதே உன் முதுகில் வரைந்து காட்டியிருப்பார். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், அறையில் நடப்பதை ஒருவர் முதுகில் மற்றவர் வரைந்துகொண்டே இருப்போம்.

மார்வா பெயர்களை ஜூலை 5 அன்று முடிக்கிறாள். வா. உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணன்,
எல்ரே


லஃபயெட்
ஜூலை 3, 2011

அண்ணா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் எல்லா அலமாரிக் கதவையும் அடித்துச் சாத்தினேன். சத்தம் எனக்கும் கேட்காது, டால்ட்டனுக்கும் கேட்காது, ஆனால் தரை அதிர்ந்து அவர் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியுமா? இருட்டுக்கு இல்லை. முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோகிற ஒரு பொருளாக ஆகிவிடுவேன் என்று. நம் ஆட்கள் அடுப்படியில் கூடிப் பேசுவார்கள், நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன், யாராவது இரக்கப்பட்டு நடுவில் ஒரு சொல்லைக் கையில் போட்டுவிட்டுப் போவார்கள். நீ இங்கே கடைசியாக வந்தபோது உனக்கு அதைத்தான் நாங்கள் செய்தோம். அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

டால்ட்டனோடு பேசிப் பேசித்தான் எனக்கு இருபது வருடம் ஓடியது. அவர் பேசும்போது புருவத்தை எப்படித் தூக்குவார் என்று பார்க்காமல் நான் எப்படி அவரோடு சண்டை போடுவேன்?

முகாமில் என் பெயர் இருக்கட்டும். ஆனால் ஒன்று, நான் நூலகத்தின் ஆளாகத்தான் வருகிறேன். பார்த்துக் குறிப்பெடுக்க. கண்ணைப் பற்றி யாரும் என்னிடம் பேசக் கூடாது, நீ உள்பட.

வெர்னா


சியாட்டில்
ஜூலை 5, 2011

அன்புள்ள நூலக அதிகாரி அவர்களுக்கு,

வருக வருக. காலையில் பட்டறையில் எல்லோர் தோளிலும் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். ஹாலிஸ் வேலையை விட்டுவிட்டு எதற்கு ஆடுகிறாய் என்று கேட்டார். ஆமாம், ஆடினேன், அவருடைய தோளையும் பிடித்துக்கொண்டு.

கவனமாகக் கேள். நகத்தை ஒட்ட வெட்டு, நீ நகத்தை வளர்த்து வைத்திருப்பாய் என்று தெரியும், ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் எதிராளிக்கு ரத்தம் வந்துவிடும். வாசனைத் தைலம் வேண்டாம். கையில்லாத சட்டை இரண்டு கொண்டு வா, தோளும் கையும் பேசத்தான். மோதிரத்தைக் கழற்றிவிடு, டால்ட்டன் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல். முகாமில் எல்லோரும், கண் தெரிகிறவர்களும்கூட, கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். குறிப்பெடுக்க வருகிற அதிகாரிகளுக்கும் விலக்கு கிடையாது.

ஒரு வாரம் நல்ல மீன் சாப்பிடலாம். கண்ணைப் பற்றிப் பேசமாட்டேன். பேசினால் என்னை ஜப்பான் மொழியில் கூப்பிடு.

சந்தோஷம் தாங்காத,
எல்ரே


லஃபயெட்
செப்டம்பர் 18, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்து சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை நீ நம்பலாம். உன் கால் ஆணியை வெட்டிக்கொள்ளச் சொல்லி ஹாலிஸிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டால்ட்டன் உனக்கு மிளகாய்ச் சாறு ஒரு பெட்டி அனுப்புகிறார்.

முகாமில் நீ பார்க்காததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் மதியம் நீ படகுக்குப் போய்விட்டாய். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டியிருந்தாலும் முறைக்க முடியும். எதிரே யாரோ வந்து உட்கார்ந்தார்கள். முட்டி இடித்தது. யார் என்று கேட்டேன், மார்வா. "நூலகத்துல இருந்து வந்திருக்கியாமே, எனக்கு ஒரு கதை சொல்லு" என்றாள். எனக்கு வேறு கதை வரவில்லை. அசுசேனாவின் கதைதான் வந்தது.

அவளுடைய ஒரு கையை மூடிப் பானையாக்கினேன். இன்னொரு கையை என் தொடை வரை நீட்டவைத்து அதில் பிள்ளையை ஏற்றினேன். மணிக்கட்டு, முழங்கை, தோள். இந்தப் பக்கம் பானை கொதிக்கிறது, அந்தப் பக்கம் பிள்ளை ஏறுகிறது. மார்வாவின் விரல் என் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது, பிள்ளை தீயை நெருங்க நெருங்க அவள் பிடி இறுகியது. கஞ்சி பொங்கி அவள் முழங்கை வரை வழிந்து தீ அணைந்ததும் அவள் என் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிவிட்டாள். அண்ணா, கதை முழுசாக இருந்தது. ஒரு கையும் எங்கேயும் போகவில்லை. எத்தனை நாளாக நான் எல்லோருடைய கதையிலும் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்கட்டு நனைந்துபோய் இன்னொன்று கேட்டு வாங்கினேன். நீ வந்து ஏன் என்று கேட்டபோது வியர்வை என்றேன்.

நீ சொன்னது சரி. அது வேறு மொழிதான். நான் அப்படி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

நூலகத்துக்குப் போய் என் அறையில் ஒரு அலமாரியை அப்புறப்படுத்தச் சொன்னேன். தலைமை நூலகர் அங்கே என்ன வைக்கப் போகிறீர்கள், படமா, புத்தகமா என்று கேட்டார். இரண்டு நாற்காலி போதும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உட்காரவைத்து அவர் முட்டியில் முட்டியை இடித்து விளக்கியதும் புரிந்துவிட்டது, பாவம், முகம் சிவந்துபோனார். இப்போது புதன்கிழமையும் சனிக்கிழமையும் அதில் ஒரு நாற்காலியில் நான் இருக்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எதிரே வந்து உட்கார வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு புத்தகம் இப்போது என்னிடம் இல்லை.

முதல் சனிக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு டால்ட்டன் அச்சகத்து மை படிந்த சட்டையோடு வந்து உட்கார்ந்து, தானாகவே கண்ணைக் கட்டிக்கொண்டார். என்ன சொல்லட்டும் என்று அவர் தோளில் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லாம வெச்சிருக்கியே, அதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன், அண்ணா. ஜனவரியில் மருத்துவர் சொன்னதை டால்ட்டனுக்குத்தான் முதலில் சொன்னேன், இப்போது உனக்கும் சொல்கிறேன். ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற அளவுதான் மிச்சம். அதுவும் சில வருடம். அன்றைக்கே காரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மருந்து இல்லை. அவ்வளவையும் அவர் கையில், தோளில், நிதானமாகச் சொல்லி முடித்தேன். மருந்து இல்லை என்பதை நான் இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த மொழியில் அதை மறைக்க முடியாது.

அவர் தன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என் தொடையில் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, தப்பும் தவறுமாக, இதைச் சொன்னார்:

"ரெண்டு வருஷமா எங்க போனாலும் உன் இடது பக்கமே நடந்துட்டு வர்றேன். ஆசையிலன்னா நெனச்ச?"

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. அடுப்படியில் நடுவில் உனக்கு இடம் இருக்கும். நம் ஆட்களுக்கு நகம் வெட்டச் சொல்லி இப்போதே ஆரம்பித்துவிட்டேன்.

உன் அன்புத் தங்கை,
வெர்னா